‘விழித்திருங்கள்’ என்றால் அன்றாடம் என்ன செய்வது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

“ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. காலையில் வேதம் வாசிக்கிறேன், இரவில் குடும்ப ஜெபம் நடக்கிறது. குடியில்லை, கடனில்லை, யாரோடும் சண்டையில்லை. லெந்து என்கிற தவக்கால நாட்கள் வந்தால் ‘விழித்திருங்கள்’ என்று பிரசங்கம் கேட்கிறேன். அது எனக்குச் சொன்னதாகவே தோன்றுவதில்லை. மனதில் எந்த உறுத்தலும் இல்லாதவன் எதற்கு விழித்திருக்க வேண்டும்? அப்படியே விழிப்பதென்றால் அன்றாடம் என்னதான் செய்வது?”

மார்ச் 9, 2025, ஞாயிறு இரவு

தம்பி, உறுத்தல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம் இதே நாட்களில் எனக்கும் உறுத்தல் இல்லை. மனதிலும் இல்லை, காலிலும் இல்லை. காலைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

எனக்கு 17 வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் மார்ச் 24 குருத்தோலை ஞாயிறு. செருப்பைக் கோவில் வாசலில் விட்டுவிட்டு, ஓலையைப் பிடித்துக்கொண்டு, ஓசன்னா பாடியபடி பவனியில் தெருவைச் சுற்றி வந்தேன். வேலூர் வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பவனி முடிகிற நேரத்துக்குத் தார் ரோடு சுட ஆரம்பித்துவிட்டது. கூட வந்த பிள்ளைகள் நிழலுக்கு நிழல் குதித்துக் குதித்து நடந்தார்கள். நான் நிதானமாக நடந்தேன். எனக்குச் சுடவில்லை. இந்த வயதிலும் தாங்குகிறோமே என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

அன்று இரவு என் மனைவி கேட்டார்: “என்னங்க, தரையெல்லாம் ஈரமா இருக்கு, கால் கழுவிட்டுத் துடைக்கலையா?” மொசைக் தரையில் ஹாலிலிருந்து படுக்கையறை வரைக்கும் வலது கால் தடம் மட்டும் ஈரமாக இருந்தது. உள்ளங்காலில் ஒரு ரூபாய் நாணயத்தை விடப் பெரிய கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. எப்போது உடைந்தது என்று எனக்குத் தெரியாது. அதன் மேலேயே பகல் முழுக்க நடந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் இடம் இடமாக, அது வளைகிற வரைக்கும் அழுத்தினார்கள். தெரிந்தால் சொல்ல வேண்டும். நான் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு “இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?” என்று கேட்டேன். வலது காலில் முக்கால்வாசி முடிந்திருந்தது.

உறுத்தல் இல்லை என்றால், முள் குத்தவில்லை என்றும் இருக்கலாம், நரம்பு வேலை செய்யவில்லை என்றும் இருக்கலாம். நடக்கிறவனுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். லவோதிக்கேயா சபைக்கு வந்த வார்த்தையைப் பாருங்கள், வெளிப்படுத்தின விசேஷம் 3:17. நிர்ப்பாக்கியன், தரித்திரன், குருடன், நிர்வாணி என்று அடுக்கிவிட்டு, அப்படி “இருக்கிறதை அறியாமல்” என்று வருகிறது. எனக்கு ஒரு குறைவுமில்லை என்று அவர்கள் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

மார்ச் 11

அந்த “அறியாமல்” என்ற சொல்லோடு இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சிம்சோனிடமும் அதே சொல்தான். தலைமயிர் சிரைக்கப்பட்ட பிறகு, எப்போதும் போல உதறிப்போட்டு வெளியே போவேன் என்று எழுந்திருக்கிறான். கர்த்தர் தன்னை விட்டு விலகினதை “அறியாமல்”, நியாயாதிபதிகள் 16:20. ஓசியா 7:9 இன்னும் பயங்கரம்: “அந்நியர் அவனுடைய பலத்தைத் தின்கிறார்கள், அவனோ அதை அறியான்.” நரைமயிர் வந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லையாம்.

எங்கள் ஊர்ப்பக்கம் இந்த மரத்துப்போதல் புதிய விஷயமில்லை. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். சின்ன வயதில் பாட்டி சொல்வார், அந்த நோய் கொஞ்சம் கொஞ்சமாக விரலைத் தின்றுவிடும் என்று. பாவமும் அப்படித்தான் மனுஷனைத் தின்கிறது.

மார்ச் 14

மேலே எழுதியதில் கடைசி இரண்டு வரிகளும் தவறு. அழிக்காமல் விட்டிருக்கிறேன், திருத்தம் புரிய வேண்டும் என்பதற்காக.

பல வருஷம் தொழுநோயாளிகளுக்குப் பிசியோதெரபி கொடுத்த ஒரு சகோதரி எனக்கு நீளமாக எழுதியிருக்கிறார். கோபமாகத்தான் எழுதியிருக்கிறார், அந்தக் கோபம் நியாயம். அவர் சொன்னது இரண்டு.

முதலாவது, அந்த நோய் விரலைத் தின்பதில்லை. 1946இல் வேலூருக்கு வந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்டு இங்கேதான் அதைக் கண்டு நிறுவினார். கிருமி நரம்பைக் கெடுக்கிறது, உணர்வு போகிறது. அதற்குப் பிறகு விரலை அழிப்பதெல்லாம் அன்றாடச் சமாச்சாரம்: அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கிய பாத்திரம், செருப்புக்குள் துருத்திய ஆணி, கழுவாமல் விட்ட சின்னப் புண். சிலருக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரல் துண்டு காலையில் இல்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஒருவர் இரவெல்லாம் கண் விழித்துப் பார்த்தார். எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவருக்கு வலிக்கவில்லை, அதனால் கையை இழுக்கவில்லை. அப்புறம் பூனை வளர்த்தார்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடமும் பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டாவது, “பிரசங்க மேடையில் அந்த நோயைப் பாவத்துக்கு உவமை சொல்லும்போதெல்லாம் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற என் நோயாளிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். நீங்களும் அதையே செய்கிறீர்கள்” என்று கேட்டிருக்கிறார். இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மன்னிப்புத்தான் கேட்கிறேன். கூட்டு மருந்தில் முழுசாகக் குணமாகிற ஒரு நோய், மற்ற எந்த நோயையும் போல ஒரு நோய். அதைப் பாவத்தோடு சேர்த்தது என் புத்திக்குறைவு.

ஆனால் அவர் எழுதியதில் இன்னொன்று இருக்கிறது, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. கிருமி முழுவதும் போன பிறகும், சேதமான நரம்பு பலருக்குத் திரும்புவதில்லை. அதனால் குணமானவர்களுக்குத்தான் அந்தப் பழக்கம் சொல்லிக் கொடுக்கிறார்கள்: நாள்தோறும் கை காலைத் தண்ணீரில் ஊற வைத்து, காய்த்துப்போன தோலைத் தேய்த்து, எண்ணெய் தடவி, விரல் இடுக்கு முதல் குதிகால் வரை கண்ணால் பார்ப்பது. சிவப்பு, சூடு, கீறல் இருக்கிறதா என்று. வலி சொல்ல வேண்டியதைக் கண் சொல்ல வேண்டும். உயிரோடிருக்கும் வரைக்கும் இது உண்டு.

குடியாத்தம் தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மன்னிக்கப்பட்டவனுக்கு எதற்கு விழிப்பு என்கிறோம். மன்னிப்பு நிச்சயம். அவ்வளவு நாள் உள்ளே இருந்த பாவம் மரத்துப்போக வைத்துவிட்டுப் போன இடம் மட்டும் அப்படியே இருக்கலாம். அந்த விதத்தில் அவர்களை என் ஆசிரியர்களாக வைத்துக்கொள்கிறேன், உவமையாக இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனையிலிருந்து வந்ததும் எபேசியர் 4:19 எடுத்துப் பார்த்தேன். “இவர்கள் உணர்வில்லாதவர்களாய்” என்று தொடங்குகிறது. மூல கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வலி உணர்வது நின்றுபோனவர்கள் என்றே பொருள். பவுல் எழுதியதை நான் இத்தனை வருஷம் ஒழுக்கக்கேட்டைப் பற்றிய வசனமாக மட்டும் வாசித்திருக்கிறேன். வரிசையைக் கவனித்ததில்லை. முதலில் வலி நிற்கிறது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

மார்ச் 20

ராணிப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறார்கள்: “காலைப் பற்றிச் சொன்னீர்கள். மனதிலும் உறுத்தல் இல்லாமல் இருந்தது என்றீர்களே, அது என்ன?”

எழுதுகிறேன். இரண்டு நாள் கொடுங்கள்.

மார்ச் 23, ஞாயிறு மத்தியானம்

நாங்கள் நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழியாக விசுவாசத்துக்கு வந்த குடும்பம். எங்கள் சபையில் பெஞ்சு முதல் மணி வரைக்கும் எங்கள் வீட்டுக் கை படாதது குறைவு. இதைப் பெருமையாகவே சொல்லிப் பழகியிருந்தேன். “ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன்” என்று உங்களுக்குள்ளே சொல்லிக்கொள்ள நினையாதிருங்கள் என்று யோவான் ஸ்நானன் சொன்னது வேறு யாருக்கோ என்று நினைத்தேன்.

சபையில் நான் பொருளாளராக இருந்தேன். 2021 அறுப்பின் பண்டிகையில் ஏலப் பணம் வந்தது. பூசணிக்காய், வாழைத்தார், நாட்டுக்கோழி என்று எல்லாம் போன பணம். திங்கட்கிழமை வங்கியில் கட்ட வேண்டும். அந்த வாரம் மகளுக்கு விடுதிக் கட்டணம் கட்டக் கடைசி நாள், எனக்கு வர வேண்டிய தொகை தள்ளிப்போய்விட்டது. ஏலப் பணத்திலிருந்து 6,000 ரூபாய் எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் திருப்பி வைத்துக் கட்டிவிட்டேன். அந்த ஒன்பது இரவும் எனக்குச் சரியான தூக்கமில்லை. ஆயர் போன் செய்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் பஜனைக் காணிக்கையிலிருந்து 4,000. அப்போது ஒரு இரவு மட்டும் புரண்டு படுத்தேன்.

மூன்றாவது முறை எப்போது, எவ்வளவு என்று நான் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுதான் விஷயம். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சபையின் பொது ஜெபத்தை நான்தான் ஏறெடுத்தேன். வெளியே வந்ததும் ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கு உங்க ஜெபம் அப்படியே உள்ள போச்சு ஐயா” என்றார். நானும் ஸ்தோத்திரம் என்றேன். மனசாரச் சொன்னேன். நடிக்கவில்லை. நடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. நடிக்கிறவனுக்குத் தான் நடிப்பதாவது தெரியும்.

போன வருஷம் அந்தக் கால் புண் ஆற ஏழு வாரம் ஆனது. நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இது நினைவுக்கு வந்தது. “இன்னும் ஆரம்பிக்கலையா” என்று நான் கேட்டது மறுபடி மறுபடி காதில் விழுந்தது. நடக்க முடிந்த முதல் நாள் ஆயரிடம் போய் மூன்றையும் சொன்னேன். அப்புறம் கமிட்டி முன்னாலும் சொன்னேன். பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகினேன். இப்போது எங்கள் சபையில் பணம் எண்ணும்போது மூன்று பேர், எண்ணிய கையோடு மூன்று கையெழுத்து. என்னை யாரும் தள்ளி வைக்கவில்லை. ஒரு குடும்பம் மட்டும் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

மார்ச் 25

வாலாஜாவிலிருந்து ஒரு ஐயா: “பணத்தைத்தான் திருப்பிக் கட்டியாயிற்றே, யாருக்கு என்ன நஷ்டம்? இதைப் பெரிதாக்கி நல்ல மனுஷர்களைக் குழப்பாதீர்கள்.”

ஐயா, சபைக்கு நஷ்டமில்லை, ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை ஒன்பது இரவு, இரண்டாவது தடவை ஒரு இரவு, மூன்றாவது தடவை ஒன்றுமில்லை. நஷ்டம் அந்தக் கணக்கில் இருக்கிறது. தொகையைக் கட்டினேன், அந்தத் தூக்கமின்மையை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்? ஆண்டவர் எனக்குக் கொடுத்திருந்த ஈவு அது. மனச்சாட்சியில் சூடுண்டவர்களைப் பற்றி 1 தீமோத்தேயு 4:2 சொல்கிறது. சூடு போட்ட இடத்தில் தோல் தடித்துவிடும். பார்ப்பதற்கு நன்றாக ஆறினது போலவே இருக்கும்.

மார்ச் 30

ஆற்காட்டிலிருந்து ஒரு தம்பி வேலூர்க் கோட்டையை இழுத்து வந்திருக்கிறார். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது வெள்ளைக்காரப் படை தூங்கிக்கொண்டிருந்தது, அதுதான் விழிப்பில்லாமைக்கு உதாரணம் என்கிறார்.

கோட்டை என்றால் எனக்கும் பேச ஆசைதான். ஆனால் அந்தக் கதை ஒரு பக்கத்துக்கு மட்டும் சாயவில்லை. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே எச்சரித்தார், அதிகாரிகள் அவரைப் பைத்தியம் என்று ஒதுக்கினார்கள். சரி, அது அவர்கள் மெத்தனம். கோட்டையைப் பிடித்தவர்களோ பிடித்த பிறகு காவலைக் கவனிக்காமல் கொள்ளையில் சிதறிப்போனார்கள். சுமார் 25 கிலோமீட்டர் தூரத்து ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையே வந்து சேர்ந்துவிட்டார். விழுந்தது ஜெயித்த பிறகு. “தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்” என்று பவுல் சொன்னது அதற்குப் பொருந்தும்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்ற உத்தரவுதான் அந்தச் சிப்பாய்களை முக்கியமாகப் புண்படுத்தியது. தங்களைக் கிறிஸ்தவர்களாக்கப் பார்க்கிறார்கள் என்று பயந்தார்கள். அடுத்தவர் விசுவாசம் நோவது ஆளுகிறவர்களுக்கு உறைக்கவில்லை. அதுவும் மரத்துப்போதல்தான். கோட்டையை இதோடு விடுவோம்.

ஏப்ரல் 5

இந்தக் குறிப்பை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், நான் எழுதியதன் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டதால்.

ஆம்பூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். என் குறிப்புகளைப் படித்த நாளிலிருந்து தூக்கமில்லையாம். மருமகளிடம் சொன்ன ஒரு வார்த்தையை, பத்து வருஷத்துக்கு முன் கொடுக்காமல் விட்ட காணிக்கையை, எல்லாவற்றையும் தோண்டித் தோண்டிப் பார்க்கிறாராம். “எனக்கு வலிக்கலைன்னா மரத்துப்போச்சுன்னு பயம், வலிச்சா பாவின்னு பயம், நான் எங்க போறது தம்பி?”

அக்கா, நான் சொன்னதில் பாதிதான் சொன்னேன். பிசியோதெரபி சகோதரியிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்னது: புண்ணை ஓயாமல் தொட்டுப் பார்க்கிற நோயாளிக்கும் புண் ஆறாது. பார்ப்பதற்கு ஒரு நேரம், நல்ல வெளிச்சம், பத்து நிமிஷம். கழுவு, எண்ணெய் போடு, கட்டு, படு. அவ்வளவுதான்.

மணவாளனுக்காகத் தீவட்டியோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் உவமையையும் மறுபடி வாசித்தேன். புத்தியில்லாத ஐந்து பேர் தூங்கினார்கள், புத்தியுள்ளவர்கள் விழித்திருந்தார்கள் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மத்தேயு 25:5 அப்படிச் சொல்லவில்லை. “அவர்கள் எல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்.” பத்துப் பேரும்தான்! எண்ணெய் வைத்திருந்தவர்கள் எழுந்து தீவட்டியைச் சரிப்படுத்தினார்கள், மணவாளனோடு உள்ளே போனார்கள். தூங்கினதற்காக அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. அதனால் விழிப்பு என்றால் கண் மூடாமல் பயந்துகிடப்பது என்று நான் எழுதியதாக யாருக்காவது பட்டிருந்தால், அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உறங்காமலும் தூங்காமலும் இருக்கிறவர் ஒருவர் இருக்கிறார், சங்கீதம் 121. அந்த வேலை நமக்கில்லை. நீங்கள் மருமகளிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள், அப்புறம் தூங்குங்கள் அக்கா.

ஏப்ரல் 7

இன்னொன்று விட்டுப்போயிற்று. என் உள்ளங்காலை என்னால் பார்க்க முடிவதில்லை. முழங்கால் மடங்காது, கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குதிகால் தெரியாது. மனைவிதான் பார்க்கிறார். எபிரெயர் 3:13, பாவத்தின் வஞ்சனையினாலே ஒருவனும் “கடினப்பட்டுப்போகாதபடிக்கு” நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்கிறது. ஒருவருக்கொருவர் என்று ஏன் சொல்லியிருக்கிறது என்பது எனக்குக் காலால்தான் புரிந்தது.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், என் நண்பர். காட்பாடியில் சனிக்கிழமை காலை சேர்ந்து நடப்போம். போன ஜூன் முதல் ஒருவரையொருவர் இரண்டே கேள்வி கேட்கிறோம். இந்த வாரம் வீட்டுக்குத் தெரியாமல் செய்தது என்ன? யாருடைய பணம் உன் கையில் இருக்கிறது? இரண்டாவது கேள்வி எனக்காகச் சேர்த்தது. அவருக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது, அது அவருடையது. வேதம் நாடோறும் என்கிறது, எங்களால் வாரம் ஒருமுறைதான் முடிகிறது. சில சனிக்கிழமை ஒன்றும் இருக்காது, டீ குடித்துவிட்டு வந்துவிடுவோம். ஜனவரியில் ஒரு நாள் “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு, கடை தாண்டி நூறடி போன பிறகு நான் நின்றுவிட்டேன். ஒன்று இருந்தது. சின்னதுதான், ஒரு உறவினரின் ரசீதில் நான் எழுதிய தேதி. ஆனால் உறுத்தியது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! உறுத்தியதே!

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் நடந்தேன், செருப்போடு. எம்.சி.ஆர். செருப்பு, மெத்தென்ற நுண்ணறை ரப்பர் அடிப்பாகம். உணர்வில்லாத பாதங்களுக்காக நம் வேலூர்ப் பக்கம் வளர்த்தெடுத்த செருப்பு, இப்போது சர்க்கரைக்காரர்களுக்கும் உதவுகிறது. கோவிலுக்குள்ளும் போட்டுக்கொள்ள ஆயரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒரு பெரியவர் முறைத்தார். காலைக் காட்டினேன். “நல்லா போட்டுக்கப்பா” என்றார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன் இரவு

திருவிருந்து முடிந்து இப்போதுதான் வந்தோம். கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்த பகுதி வாசித்தார்கள். “ஒரு மணி நேரமாவது நீங்கள் என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?” இதுவரைக்கும் அதைக் கண்டிப்பாகவே கேட்டிருக்கிறேன். இன்று “என்னோடேகூட” என்ற சொல் காதில் விழுந்தது. அவர் துக்கத்தில் இருந்தார், துணை கேட்டார். பேதுரு தூங்கினான். பின்னாளில் “தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்” என்று நிருபம் எழுதியதும் அதே பேதுருதான். எழுதும்போது அந்தத் தோட்டம் அவன் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

குடியாத்தம் தம்பி இன்று மாலை எழுதியிருக்கிறார். தன் அண்ணனிடம் ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்து, மாதம் ஒருமுறை தன்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறாராம். முதல் தடவை கேட்டபோது கோபம் வந்ததாம். “ஏன் கோபம் வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் ஐயா” என்கிறார். யோசியுங்கள் தம்பி. அவசரமில்லை.

நாளை மும்மணி ஆராதனை, நீண்ட நேரம் உட்கார வேண்டும், கால் வீங்கும். மணி பத்தரை ஆகிறது. மனைவி வெந்நீர்ப் பேசினும் தேங்காய் எண்ணெயுமாக வந்து டியூப்லைட்டுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்.